மண்ணோடு மண்ணான பை

சிப்ஸ் கம்பெனியில் சீவிய உருளைக்கிழங்கைக் கழுவிய தண்ணீர் பாலாக வெளியே ஓடும். அது தேங்கும் தொட்டியின் அடியில் படிகிற மாவை அள்ளிக் கொட்டுவதுதான் அவளுடைய வேலை. ஒருநாள் அந்த மாவு ஒட்டியிருந்த வாளியில் கொதிக்கும் வெந்நீரைக் கொஞ்சம் ஊற்றி வெயிலில் வைத்து, அப்படியே மறந்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், தண்ணீர் வற்றி, வாளியின் உள்ளே கண்ணாடித்தாள் போல ஏதோ உரிந்து வந்தது. அதைச் சுருட்டிக்கொண்டு, கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த நாத்தனாரிடம் ஓடினாள்.

"அண்ணி, விடாதீங்க! கொஞ்சம் கிளிசரின் சேத்துக் காய்ச்சுனா இது வளையும். பிளாஸ்டிக்குக்குப் பதிலா, மண்ணுல மக்கிப்போற நாத்துப் பையே செய்யலாம்."

அடுப்படி இருவர் கைக்கும் போனது. முதல் தாள் தொட்டதும் நொறுங்கியது. அடுத்தது பிசுபிசுவென்று விரலை விடமாட்டேன் என்றது.

"சமைக்க ஒரு பாத்திரமாவது விட்டு வைங்கம்மா," என்று புலம்பினான் அவள் கணவன். ஆனால் ஜூஸ் கடையில் கரும்புச் சக்கையைக் கேட்டு வாங்கி வந்ததும், அதைக் காயவைத்து நைசாக அரைத்துக் கொடுத்ததும் அவன்தான். சக்கை சேர்ந்ததும் தாளுக்கு வலு வந்தது. அதைப் பையாக ஒட்டி, தண்ணீர் இறங்காமலிருக்க மேலே மெல்லிசாகத் தேன்மெழுகு பூசினார்கள்.

நாற்றுப்பண்ணைக்காரர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணி ஊத்துனா ரெண்டே நாள்ல கூழாயிடும்மா."

"பத்தே பத்து நாத்து குடுங்கண்ணே. கூழாச்சுன்னா ஒரு மாசம் உங்க பண்ணையை நானே பெருக்குறேன்," என்றாள் அவள்.

தினமும் தண்ணீர் ஊற்றியும் ஐந்து வாரம் பத்துப் பையும் அசையாமல் நின்றன. பிறகு பையோடு சேர்த்தே நாற்றுகளைத் தரையில் நட்டார் பண்ணைக்காரர்.

மூன்று மாதம் கழித்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர்கள் கண்ணெதிரே ஒரு செடியைச் சுற்றித் தோண்டினார். வேர்கள் நாலாபக்கமும் கைநீட்டிப் படர்ந்திருந்தன. அவள் மண்டியிட்டு, மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தாள். கல் வந்தது, மண்புழு வந்தது. பையின் துணுக்கு ஒன்றுகூட வரவில்லை.

"எங்கம்மா போச்சு உன் பை?" பண்ணைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "இனிமே என் பண்ணையில வேற பை கிடையாது. எல்லா நாத்துக்கும் நீங்கதான்!"

நாத்தனார் மண் கையோடு கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் சேறாக்கிக்கொண்டாள். அவள் நாத்தனாரை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"அழுதது போதும்டி. நாளைக்கே லீவு சொல்லிடு. அம்புட்டுப் பைக்கும் மாவு யாரு கிண்டுறது?"