முன்பக்கத்துப் பெயர்

தைப்பூசத்துக்கு எட்டு வாரம் இருக்கும்போதே சோமசுந்தரத்தின் பட்டியல் தேன்மொழியின் கைப்பேசிக்கு வந்துவிடும். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் தண்ணீர்ப்பந்தல் போடும் 'தண்ணீர்மலைத் தம்பிகள்' குழுவுக்கு அவர்தான் தலைவர். தம்பிகள் என்றதும் மீசை முளைக்காத பிள்ளைகளை நினைத்துக்கொள்ள வேண்டாம். இருப்பதிலேயே இளையவருக்கு நாற்பத்தொன்று. பாதிப் பேருக்கு முட்டி வலி, முக்கால்வாசிப் பேருக்குத் தொப்பை. பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் சட்டை அளவு இருக்கும். அதை மட்டும் எல்லாரும் ஐந்து வருஷத்துக்கு முந்தைய நினைப்பிலேயே எழுதிக் கொடுப்பார்கள். தேன்மொழி யாரையும் கேட்காமல் ஒரு அளவு கூட்டிக்கொள்வாள்.

ஒவ்வொரு பூசத்துக்கும் குழுவுக்குப் புது டீசட்டை உண்டு. மஞ்சள் துணி, முதுகில் உறுப்பினர்கள் எல்லார் பெயரும் வரிசையாக, தேன்மொழி வரைந்த தடித்த தமிழ் எழுத்தில். கொம்பும் காலும் கொழுகொழுவென்று இருக்கும் அந்த எழுத்துக்குக் குழுவில் 'சாப்பிட்ட எழுத்து' என்று பட்டப்பெயர். ஜாலான் உத்தாமா சாலையின் அந்தக் கோடியில் நின்றால்கூடப் படிக்கலாம். சிதம்பரநாதன் என்று ஒருவர் இருக்கிறார். இரண்டு பேர் இடத்தை அவர் ஒருத்தர் பெயரே தின்றுவிடும்.

முதுகு உயிரோடிருப்பவர்களுக்கு. முன்பக்கம், இடது மார்பில், போன பூசத்துக்கும் இந்தப் பூசத்துக்கும் நடுவில் இறந்துபோன உறுப்பினரின் பெயர். 'நினைவில்' என்றோ 'அமரர்' என்றோ எதுவும் இருக்காது. பெயர் மட்டும்தான். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் பந்தலுக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த முன்பக்கத்துப் பெயருக்குச் சாப்பிட்ட எழுத்து ஆகாது. இறந்தவருடைய கையெழுத்திலேயே அது இருக்க வேண்டும் என்று வழக்கம் வைத்தவள் தேன்மொழிதான். வீட்டுக்குப் போய், அவர் எழுதிய எதையாவது கேட்பாள். சாமான் சீட்டு, கோயில் கணக்கு, பழைய கடிதம், எதுவானாலும் சரி. அதிலிருந்து பெயருக்கு வேண்டிய எழுத்துகளைப் பொறுக்கி, பெரிதாக்கி, ஒன்றோடொன்று சேர்த்து, நெளிவைக்கூடத் திருத்தாமல் அப்படியே அச்சில் ஏற்றுவாள். இதுவரை ஏழு பேருக்குச் செய்திருக்கிறாள். வீட்டுக்காரர்கள் சட்டையைப் பிரித்துப் பார்த்ததும் அழுவார்கள். அந்த அழுகையில் அவளுக்கு, சொல்லக் கூடாது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இந்த வருஷப் பட்டியல் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. முதுகுக்கு அறுபத்து மூன்று பெயர். முன்பக்கத்துக்கு ஒன்று. சுகுமாரன் என்று இருந்தது.

சுகுமாரன் அவள் கணவன்.

குவீன் ஸ்திரீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அந்த அச்சுக் கடையை இரண்டு பேருமாகத்தான் தொடங்கினார்கள். அவள் எழுத்து வரைவாள், அவன் மை கலந்து, அச்சுச் சட்டத்தை வைத்துத் துணியில் இழுப்பான். கடை படுத்துவிட்ட ஒரு வருஷத்தில், தாய்லாந்தில் கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை என்று எவனோ சொன்னதை நம்பிப் போனான். போன இடம் தாய்லாந்து இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம். ஆட்களை அடைத்துவைத்துப் போனில் ஊரை ஏமாற்றச் சொல்லும் கட்டடம். மூன்று தடவை பேசினான். மூன்றாவது தடவை, "அம்மாகிட்ட சொல்லாத" என்றான். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆயிற்று, இரண்டு வருஷம். போலீஸ், தூதரகம், கட்சி அலுவலகம் என்று அவள் ஏறாத படி இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "வெளியூர்ல வேலை" என்று சொல்லிப் பழகிவிட்டாள்.

போன வருஷச் சட்டையில் அவன் பெயர் முதுகில்தான் இருந்தது. அவனுக்கென்று ஒரு சட்டையும் அடித்து அலமாரியில் மடித்துவைத்திருந்தாள்.

தட்டெழுதும்போது வரி மாறிவிட்டது என்று முதலில் நினைத்தாள். சோமசுந்தரத்துக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. மத்தியானம் அவரே கடைக்கு வந்தார். பாசார் சந்தையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், கையில் கீரைக் கட்டு இருந்தது.

"அண்ணே, பட்டியல்ல தப்பு இருக்கு. அவர் பேரை முன்பக்கத்துல போட்டிருக்கீங்க."

சோமசுந்தரம் கீரையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். "தப்பு இல்லம்மா."

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"ரெண்டு வருஷமாச்சு லா தேனு. எத்தனை நாளைக்கு..."

"ரெண்டு வருஷமானா செத்துட்டாருன்னு அர்த்தமா? உங்க தம்பிங்க கூடி ஓட்டுப் போட்டீங்களா?" கைப்பேசியை அவர் முன்னால் நீட்டினாள். "அறுபத்து மூணு பேரு இல்ல, அறுபத்து நாலு. முதுகுலதான் போடுவேன். புடிக்கலைன்னா வேற கடையில அடிச்சுக்கோங்க."

கத்துகிற பெண்ணில்லை அவள். பக்கத்து ஜவுளிக் கடையில் துணி அளந்துகொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். சோமசுந்தரம் ஊரையே அதட்டுகிற ஆள். அன்றைக்கு அவர் கீரைக் கட்டை மேசையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்ததுதான் அவளை மேலும் எரிச்சல்படுத்தியது.

"பேசுங்க அண்ணே. யாரு சொன்னா இப்படிப் போடச் சொல்லி?"

"நான் சொல்லக் கூடாது."

"யாரு?"

"உங்க அத்தைதாம்மா," என்றார் சோமசுந்தரம். கீரைக் கட்டை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

கடையைச் சாத்திவிட்டு பஸ் பிடித்தாள். கெலுகோரில் ஒன்பதாவது மாடி வீடு. மாமியார் விசாலமும் அவளும் மட்டும்தான். விசாலம் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். மருமகள் இந்த நேரத்தில் வந்து நிற்பதைப் பார்த்ததுமே கை நின்றுவிட்டது.

"பட்டியல் வந்துருச்சா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியிலேயே தேன்மொழிக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைக் கேட்க அவளுக்கு விருப்பமில்லை. ஆனால் விசாலம் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

தீபாவளிக்கு முந்தின மாதம் ஒரு ஆள் வந்தானாம். பட்டர்வொர்த் ஊர்க்காரன். அதே கட்டடத்தில் இருந்து தப்பி வந்தவன். தேன்மொழி கடையில் இருந்த நேரம். மூன்றாவது மாடியிலிருந்து சுகுமாரன் குதித்ததை இவன் கண்ணால் பார்த்தானாம். போன மாசிக்குப் பிறகு நடந்தது, தேதி அவனுக்கே நினைவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள். எரித்த இடம்கூட யாருக்கும் தெரியாது.

"அவன்தான்னு எப்படி அத்தை தெரியும்? வேற யாராச்சும் இருக்கும்."

"முழங்கையில அந்தத் தழும்பு. சின்னதுல இஸ்திரிப் பெட்டி சுட்டது. நான் கேக்காமலே அவன் சொன்னான்."

தேன்மொழி குனிந்து தரையில் கிடந்த நாரைப் பொறுக்கினாள்.

"சோமு கூட வந்தான். பத்து பெரிங்கி கடற்கரையில காரியமெல்லாம் செஞ்சு முடிச்சோம். அண்ணன் முறையில அவன்தான் செஞ்சான், தம்பிங்களுக்கும் சொல்லிட்டான்."

"எனக்குச் சொல்லாம?"

"எப்படிச் சொல்றது?" சொல்லத் தொடங்கியபின் விசாலம் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னா அடுத்த வேலை உன் கழுத்துல இருக்கறத எடுக்கறது. கட்டின அன்னிக்கு நாத்தனார் இல்லேன்னு மூணாவது முடிச்சு நான்தான் போட்டேன். அதை எடுக்கறதுக்கும் நானா நிக்கணும்? மூணு மாசமா தெனமும் காலையில இன்னிக்குச் சொல்லிடலாம்னு எந்திரிப்பேன். நீ தோசை வேணுமா அத்தைன்னு கேப்ப. என்னால வாயால முடியல, தேனு. அதான் சோமுகிட்ட சொல்லி பட்டியல்ல போடச் சொன்னேன். நீயே படிச்சுத் தெரிஞ்சுக்குவேன்னு."

ஏழு வீட்டுக்குப் போய், ஏழு பெண்களிடம், அவர் கையெழுத்து ஏதாவது இருக்கா அக்கா என்று பக்குவமாகக் கேட்டவளுக்குத் தன் வீட்டுச் சாவு சட்டை ஆர்டரில் வந்தது. மாமியார்மீது கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, கோபம் வரவில்லை. வேறொன்று நினைவுக்கு வந்தது. தீபாவளியன்று குழு மொத்தமும் இந்த வீட்டுக்கு வந்திருந்தது. முறுக்குத் தின்றார்கள், அவளைச் சிரிக்கவைத்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும்தான் தெரியவில்லை. பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, அறுபத்து மூன்று பேருக்கும் அவள் தட்டு நீட்டியிருக்கிறாள். அந்த வெட்கம்தான் முதலில் வந்தது. துக்கம் பிறகுதான் வந்தது, வந்தபின் போகவில்லை.

பத்து நாள் கழித்துக் கடையைத் திறந்தாள். சோமசுந்தரம் வேறு இடத்தில் அடித்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவள் கேட்கவில்லை. அவன் பெயரை வேறு எவனோ கணினியில் கிடைக்கிற எழுத்தில் தட்டிவிடுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் கையெழுத்துக்கு எங்கே போவது? சுகுமாரன் எழுதுகிற ஆளே இல்லை. எல்லாம் போனில் தட்டுவதுதான். கையொப்பம்கூட ஆங்கிலத்தில், கோழி கிறுக்கியது போல இருக்கும். வீட்டில் இரண்டு நாள் தேடியும் தமிழில் ஒரு வரி கிடைக்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதல்கூட வந்தது. எழுத்து இல்லையென்றால் முன்பக்கமும் இல்லை. இந்த வருஷம் மார்பு வெறுமையாக இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம்.

அப்படி நினைத்துக்கொண்டு மை எடுக்கத் திரும்பியபோதுதான் அலமாரித் தட்டில் இருந்த டின்களைப் பார்த்தாள். கலந்த மைக்கெல்லாம் அவன் வைத்த பெயர்கள். கறுப்பு மார்க்கரில், டேப்பின் மேல், தமிழில். மைக் கம்பெனிக்காரன் போட்ட எண் எதுவும் அவனுக்குப் பிடிக்காது. வெள்ளைக்குச் சுண்ணாம்பு. சிவப்பில் ஒன்றுக்குக் குங்குமம். மஞ்சளில் ஒன்றுக்கு மாம்பழம். பழுப்புக்கு மரக்கட்டை. பொன்னிறத்துக்குப் பவுன். தினமும் கண்ணில் படுகிறவை. எழுத்து என்றே அவள் அவற்றை நினைத்ததில்லை.

டின்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். சுண்ணாம்பில் முதல் எழுத்து கிடைத்தது. குங்குமத்தில் இரண்டாவது. மாம்பழத்தில் மூன்றாவது. ரகரம் மரக்கட்டையில் இருந்தது. கடைசி எழுத்து எங்கேயாவது இல்லாமல் போய்விடாதா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. பவுன் டின்னில் அதுவும் இருந்தது, புள்ளியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு.

ஒரு எழுத்தும் குறையவில்லை. எல்லாவற்றையும் படம் பிடித்து, கணினியில் ஏற்றிச் சேர்த்தாள். நெளிவைத் திருத்தவில்லை. சேர்த்து முடித்ததும் திரையில் அவனே எழுதியது போல அவன் பெயர் நின்றது. அவன் ஒருநாளும் எழுதாத பெயர். அப்போதுதான் அவள் மேசையில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதாள். முன்பு ஏழு வீட்டில் அழுதவர்கள் எதற்காக அழுதார்கள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதில் பெருமைப்பட்டதை நினைத்துத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

சட்டைகளுக்குத் தானே மை இழுத்தாள். அறுபத்து மூன்று, கூடச் சில உபரி. சோமசுந்தரம் வந்து வாங்கிக்கொண்டபோது ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. தீட்டு வீடு என்பதால் அந்தப் பூசத்துக்கு இரண்டு பெண்களும் தண்ணீர்மலைப் பக்கம் போகவில்லை. ரதம் கிளம்பிய அன்று தொலைக்காட்சியைக்கூடப் போடவில்லை. கழுத்தில் இருந்ததைப் பற்றி விசாலம் வாயெடுக்கவில்லை, தேன்மொழியும் தொடவில்லை. பிணம் இல்லை, சான்றிதழ் இல்லை. பதிவு அலுவலகத்தில் அவன் இன்னும் உயிரோடுதான் இருந்தான்.

பங்குனி வெயிலில் ஒரு சாயங்காலம் கொம்தார் பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். எதிர் இருக்கையில் ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருந்தான். மடியில் ஒரு துணிப் பை. மஞ்சள் சட்டை, மார்பில் சுகுமாரன். குழுவில் எல்லாரையும் அவளுக்குத் தெரியும், இவன் யாரோ. முப்பது வயதுகூட இருக்காது. அவன் மூச்சு விடும்போது பெயர் ஏறி இறங்கியது. அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. கெலுகோர் வந்தது, போனது. அவள் இறங்கவில்லை.

ஒரு குலுக்கலில் அவன் விழித்துக்கொண்டான். பெண்பிள்ளை ஒருத்தி தன் மார்பையே பார்ப்பதைக் கண்டு கூச்சப்பட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இந்தச் சட்டை எங்க வாங்கினீங்க தம்பி?" என்று கேட்டாள்.

"வாங்கலைங்க அக்கா. பூசத்துல எங்க கடைக்காரர் பந்தலுக்குப் பாத்திரம் கழுவ அனுப்பினாரு. அங்க குடுத்தாங்க." ஊர்த் தமிழ், ராமநாதபுரம் பக்கமாக இருக்கலாம். நாசி கண்டார் சோற்றுக் கடையில் வேலையாக இருக்கும். சட்டையைக் குனிந்து பார்த்தான். "ஏங்க்கா, இவரு யாரு, தெரியுமா?"

"என் வீட்டுக்காரரு."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியாக்கா! பெரிய மனுசரு போல. அண்ணன் உள்ளூர்லயே வேலையா, இல்ல எங்கள மாதிரி வெளியூரா?"

இரண்டு வருஷமாக அவள் சொல்லிவந்த பதிலை அவனே எடுத்துக் கையில் கொடுத்தான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள்.

"இல்ல தம்பி," என்றாள். "செத்துட்டாரு."

அதுவரை ஒருவரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. அவன் பதறிப்போய், மடியில் இருந்த பையைத் தூக்கி, பெயர் மறையும்படி மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டான். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்தான். அவள் இறங்கும்வரை அவன் மார்பிலிருந்து பையை எடுக்கவே இல்லை.