இடது பக்கம் இரண்டரை டன்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. குவாரியில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருத்தருக்கும் தெரியாது. 'ஏனக்கா' என்று கேட்டால் காவலாளி முதல் முதலாளி வரை கை காட்டுவார்கள். வாயைத் திறந்தால் "ஏன்?" என்றுதான் ஆரம்பிப்பாள். மழைக்கு அப்புறம் மணல் ஏன் கனக்குது, இந்த டயர் ஏன் வெளிப்பக்கமா தேயுது, சைட்டுக்கு ஏன் பின்வாசல் வழியா வரச் சொல்றீங்க. பதில் சொல்கிறவனுக்கு வேலை கெடும். அதற்காக அவள் விட்டுவிடுகிற ஆள் இல்லை. பதினொரு வருடமாக டிப்பர் டிரெய்லர் ஓட்டுகிறாள். கல்தூள், ஜல்லி, மண் என்று எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டுவதுதான் பிழைப்பு. குடும்பமே வண்டியின் பின்னால் இருக்கிற அந்தத் தொட்டியை நம்பித்தான் இருந்தது.

அந்தத் தொட்டி ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

கட்டட சைட்டில் வண்டியைப் பின்பக்கமாக விட்டு நிறுத்தி, பின்கதவின் கொக்கியை எடுத்துவிட்டு, ஜாக்கியை இயக்கினாள். தொட்டியின் முன்பக்கம் மெல்ல எழுந்தது. பாதி உயரம் வரை ஒன்றுமில்லை. அப்புறம் வலது பக்கத்துக் கல்தூள் மளமளவென்று சரிந்து இறங்க, இடது பக்கத்துத் தூள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அசைய மாட்டேன் என்று நின்றது. கண்ணாடியில் பார்த்தால் தொட்டி மொத்தமும் இடது பக்கம் சாய்கிறது. சட்டென்று லீவரை இறக்கினாள். தரையை விட்டு ஒரு விரல் எழும்பியிருந்த வலது பக்கத்துச் சக்கரங்கள் தொப்பென்று உட்கார்ந்தன.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். ஓடி வந்தாலும் பாதுகாப்பான தூரத்திலேயே நின்றுகொண்டார்.

"மூணாவது தடவைம்மா இது. வண்டி கவிழ்ந்தா கீழ நிக்கறவங்க கதி என்ன? இன்னொரு தடவை சாஞ்சுதுன்னா உங்க வண்டி இந்த கேட்டுக்குள்ள வராது. ஓட்டத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

அடுத்த ஒரு வருடத்துக்கு அவள் கையில் இருந்தது இந்த ஒரு சைட் வேலைதான். அது போனால் வண்டி வாசலில் நிற்கும். ஆனால் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது அதுகூட இல்லை, 'ஓட்டத் தெரிஞ்ச ஆள்' என்ற வார்த்தைதான். பதினொரு வருடத்தில் ஒரு தூணைக்கூட உரசியதில்லை. இப்போது மட்டும் தொட்டி ஏன் சாய்கிறது? அதுவும் எப்போதும் ஏன் இடது பக்கமே?

வீட்டை ஒட்டினாற்போல் அவள் புருஷன் டயர் கடை வைத்திருந்தார். சாயங்காலம் வண்டியைக் கடை முன்னால் நிறுத்தி, இரண்டு பேருமாக அடியில் படுத்துக்கொண்டார்கள். ஸ்ப்ரிங் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. டயர்களில் காற்று சரி. ஜாக்கி நேராகத்தான் ஏறி இறங்கியது. தொட்டியின் தரையை இடது பக்கம் முழுக்கச் சுரண்டி, கை வழுக்குகிற அளவுக்குத் துடைத்தாள். மறுநாள் சைட்டில் பாதித் தண்ணீர் உள்ள பாட்டிலைத் தரையில் படுக்கவைத்து மட்டம் பார்த்தாள். அங்கேயும் குறை சொல்ல வழியில்லை. அன்றைக்குப் பாதி உயரத்துக்கு மேல் தூக்காமல், ஆட்களை வைத்து மண்வெட்டியால் தள்ளி இறக்கினாள். தினமும் அப்படிச் செய்தால் பிழைப்பு நாறிவிடும்.

"வண்டி மேல சந்தேகப்பட்டாச்சு, தரை மேல சந்தேகப்பட்டாச்சு. அடுத்து என் மேலயா?" என்றார் புருஷன்.

"உங்க முறை நாளைக்கு. ஒண்ணு சொல்லுங்க, இடது பக்கத்து டயர் மட்டும் ஏன் அதிகமா தேஞ்சிருக்கு?"

"அந்தப் பக்கம் பாரம் ஜாஸ்தி இருந்தா தேயும். ஆனா உனக்கு லோடு போடறது தராசு ஆச்சே."

அதுதான் சிக்கல். குவாரியில் லோடர் ஓட்டுகிறவருக்குத் தராசு என்று பெயர் வைத்ததே டிரைவர்கள்தான். பக்கெட்டில் அள்ளி அள்ளிப் போடுவார், எடைமேடையில் ஏற்றினால் கேட்ட எடை அச்சாக நிற்கும். அவர் கையால் லோடு வாங்க டிரைவர்கள் வரிசையை விட்டுக்கொடுத்துக் காத்திருப்பார்கள். அவரைச் சந்தேகப்படுவது அவளுக்கே கூசியது. ஆனால் மனசுக்குள் ஏன் என்று ஒன்று நுழைந்துவிட்டால், அது உட்கார விடுமா, உறங்க விடுமா?

வியாழக்கிழமை லோடு ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போனாள். வழக்கம்போல் முழு வண்டியையும் ஏற்றினாள். நாற்பத்தாறு டன். ஒரு கிலோ முன்னே பின்னே இல்லை. அப்புறம் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, தரையோடு தரையாக இருந்த அந்த மேடையில் இடது பக்கத்துச் சக்கரங்கள் மட்டும் ஏறும்படி ஓரமாக விட்டாள்.

எடைமேடைக்காரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "ஏய், பாதி வண்டி வெளியில நிக்குது. கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

"பாதி வண்டி எடைதான் எனக்கு வேணும். சீட்டு போடுங்க."

சீட்டில் இருபத்து நாலேகால் என்று வந்தது. அப்படியானால் வலது பக்கம் இருபத்தொன்றே முக்கால். எடைமேடைக்காரம்மாவுக்கும் மூக்கு வியர்த்துவிட்டது. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கீழே இறங்கியே வந்துவிட்டாள்.

"ரெண்டரை டன் இடது பக்கம் ஜாஸ்தி. இது எப்படிடி? மொத்தம் சரியாத்தானே இருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றாள் ஏனக்கா. மற்ற வண்டிகள் காய்ந்த ஜல்லி ஏற்றுகின்றன, தூக்கியதும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஈரத்தூள் ஏற்றுகிற இவள் மட்டும்தான் மாட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, லோடு ஏறும் நேரத்தில் டிரைவர்கள் எல்லாரும் டீக்குப் போனபோது அவள் போகவில்லை. எட்ட இருந்த ஜல்லிக் குவியலின் பக்கம் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். லோடர் வலது பக்கத்திலிருந்து வந்தது. பக்கெட் உயர்ந்தது. தொட்டியின் பக்கச்சுவரைத் தாண்டிய பிறகும் கவிழ்க்காமல், நடுவையும் தாண்டி ஒரு முழம் உள்ளே போய், இடது பக்கமாகத் தள்ளிக் கொட்டியது. அடுத்த பக்கெட்டும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. மெஷினைத் திருப்பும்போதெல்லாம் தராசு, கோழி தீனியைப் பார்க்கிற மாதிரி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

லோடு முடிந்து தராசு டீ குடிக்க வந்ததும், டீக்கடையில் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். கிளாஸை எடுக்க அவர் கை நேராகப் போகவில்லை. மேசை விளிம்பைத் தொட்டது, மேசை மேலேயே ஊர்ந்தது, கிளாஸில் முட்டியதும் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் ஏன் புரிந்தது என்று இருந்தது.

"அண்ணே, எந்தக் கண்ணு?" என்றாள்.

தராசு கிளாஸைக் கீழே வைத்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"இடது. மூணு மாசமா மங்கலாத்தான் தெரியுது" என்றார் மெதுவாக. "ஆனா எடை தப்பலையே தங்கச்சி. எந்தச் சீட்டை வேணா எடுத்துப் பாரு."

"தப்பலைதான். எப்படித் தப்பலைன்னுதான் எனக்கு விளங்கல."

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்கூட வந்தது. "எடையைக் கண்ணால யார் பார்த்தா? பக்கெட்டை அள்ளித் தூக்கும்போது மெஷினோட பின்பக்கம் லேசாகும். எவ்வளவு லேசாகுதுன்னு சீட்டுல உக்காந்திருக்கற எனக்குத் தெரியும். எனக்கு எடையெல்லாம் உக்கார்ற இடத்துல."

"அப்ப கொட்டற இடம்?"

"அது கண்ணு" என்றவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, "ஒத்தைக் கண்ணுல தூரம் பிடிபடல. பக்கச்சுவர்ல இடிச்சிடுவேனோன்னு கொஞ்சம் உள்ள தள்ளிப் போடறேன். கொஞ்சம்தான்" என்றார்.

அவள் இரண்டு சீட்டுகளையும் மேசைமேல் வைத்தாள். "ரெண்டரை டன், அண்ணே."

அவர் அந்தச் சீட்டுகளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கன்னத்தில் அறை வாங்கியவர் மாதிரி ஆகிவிட்டார். இருபது வருடமாக எடைமேடை அவரிடம் சரி, சரி என்று மட்டுமே சொல்லியிருந்தது. பாதி வண்டியை ஏற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. தெரிஞ்சா இறக்கி விட்டுடுவாங்க. உன் வண்டிக்கு இனிமே பார்த்துப் போடறேன்."

"என் வண்டிக்கு மட்டும் பார்த்துப் போட்டா ஆச்சா? நாளைக்கு வேற ஒருத்தர் ஈரத்தூள் ஏத்துவார். தூக்கும்போது அவர் கண்ணாடியைப் பார்ப்பாரா, போனைப் பார்ப்பாரான்னு நமக்குத் தெரியுமா?" அவளுக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. ஆனால் தரையை விட்டு எழும்பிய அந்தச் சக்கரங்கள் கண் முன்னாலேயே நின்றன. "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் இரண்டு சீட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினார்.

"நானே சொல்றேன். அதுக்கு முன்னாடி நாளைக்கு ஒரே ஒரு லோடு, உனக்கு. தப்பாப் போட்ட லோடோட நான் அந்த மெஷினை விட்டு இறங்கக் கூடாது."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதல் தடவையாக ஏன் என்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மற்ற வண்டிகள் வருவதற்கு முன்பே டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தினாள். தொட்டிக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி ஜல்லிக் குவியலின் மேல் ஏறி நின்றுகொண்டாள். தராசு அவளுடைய அழைப்பை எடுத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷினுக்குள் மாட்டிவைத்தார். பக்கெட் உயர்ந்து வந்தது.

"இன்னும் கொஞ்சம்ணே. இன்னும் கொஞ்சம். போதும்."

போதும் என்ற இடத்தில் கொட்ட அவர் கை தயங்குவது அவளுக்குத் தெரிந்தது. அவர் கணக்குக்கு அது பக்கச்சுவரின் மேல். முதல் தடவை அவள் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது பக்கெட்டிலிருந்து சொன்ன மாத்திரத்தில் கொட்டினார். தூள் தொட்டியின் நடுவில் அழகாகக் குவிந்தது.

எடைமேடைக்காரம்மா கேட்காமலே இரண்டு சீட்டு போட்டாள். "மொத்தம் நாற்பத்தாறு. இடதுக்கும் வலதுக்கும் எண்பது கிலோ வித்தியாசம். அந்த எண்பது நீதான், போ."

சீட்டைத் தராசு வாங்கிப் பார்த்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நேராக மேனேஜர் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் சாவி இல்லை. மெஷின் காத்திருக்கும் என்றும் மேனேஜர் சொல்லவில்லையாம், காத்திருக்காது என்றும் சொல்லவில்லையாம். கண்ணைச் சரி பண்ணிக்கொண்டு வா, பார்க்கலாம் என்றாராம்.

"ஏறுங்கண்ணே" என்றாள். "சைட்டுல கொட்டிட்டு அப்படியே கண் ஆஸ்பத்திரி."

சைட்டில் சூப்பர்வைசர் வழக்கத்தைவிட இருபதடி தள்ளியே நின்றார். அவள் ஜாக்கியை இயக்கினாள். தொட்டி எழுந்தது. பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, முழு உயரத்துக்கும் போய் நேராக நின்றது. இடதும் வலதும் ஒன்றாகச் சரிந்து, ஒரு பிடித் தூள் மிச்சமில்லாமல் கொட்டியது.

"இன்னைக்கு என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சூப்பர்வைசர்.

"ஓட்டத் தெரிஞ்ச ஆள் யாராவது வந்தாங்களா சார்?" என்றாள். அவர் சிரித்து மழுப்பிவிட்டு, திங்கட்கிழமை இரண்டு நடை வேண்டும் என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்த நீள வண்டி பாதித் தெருவை அடைத்துக்கொண்டது. காவலாளி விசிலை ஊதிக்கொண்டே வந்தார். ஐந்தே நிமிடம் என்று அவரைக் கெஞ்சிவிட்டு அவள் மறுபக்கம் சுற்றி வந்தாள். தராசு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

"கண்ணுல கத்தி வைப்பாங்களா? வலிக்குமா?"

"எனக்கு என்ன தெரியும்? உள்ள போய்க் கேப்போம். எனக்கும் நிறைய கேக்க இருக்கு."

"டாக்டர் பாவம்" என்று அவர் எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழே விட்டார். படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கால் காற்றில் துழாவியது. அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம்ணே" என்றாள். "இன்னும் கொஞ்சம். போதும்."

அவர் காலை ஊன்றினார்.