வெற்றிலை வாங்கிய கை

அந்த வகுப்பறையில் இருந்தவர்கள் நான்கு பேர். திருவிழாக் குழுத் தலைவர் அய்யாக்கண்ணு, கீபோர்டு வாசிக்கும் வைரக்கண்ணு, நாயகி வேஷம் கட்டிய பரிமளா, நாடகத்தை எழுதி மெட்டமைத்த மேகலா. பின்கதவைத் திறந்தால் மேடை. அதற்கப்பால் மீன்சுருட்டி ஊர் மொத்தமும் விசிலடித்துக்கொண்டிருந்தது.

பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வரை பதினோரு வருடம் திருவிழா மேடைகளில் குத்தாட்டம் ஆடியவள் மேகலா. கீழே நின்றவர்களின் கூச்சலும் கல்வீச்சும் பொறுக்காமல் விட்டுவிட்டாள். இரண்டு வருடம் உட்கார்ந்து, முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பற்றி முழுக்கப் பாட்டாலேயே ஒரு நாடகம் கட்டினாள். இன்று அதற்கு முதல் மேடை.

"மொதல்ல ரெண்டு பாட்டுக்கு நீ ஆடணும்," என்றார் அய்யாக்கண்ணு. ஜிகினாப் பாவாடை ஒன்றை மேஜைமேல் வீசினார். "அப்பறந்தான் நாடகம்."

"ஆடமாட்டேன்னு சொல்லித்தான வந்தேன்?"

"வெத்தில பாக்கு கைமாறிடுச்சு. வாங்குனவங்க ஆடியே ஆகணும். மீறுனா இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு மேட ஏற முடியாது, தெரியுமுல்ல?"

தெரியும். நிகழ்ச்சியைப் பேசி முடித்த வைரக்கண்ணுவை அவள் பார்த்தாள்.

"ஆட்டம் இல்லன்னா நாடகமே வேணாம்னாங்க அக்கா. கடைசி நேரத்துல சொன்னா ஆடிடுவீங்கன்னு நெனச்சேன்."

"இவனுக்கு மெட்டுதான் மறக்கும். பொய் மறக்காது," என்றாள் பரிமளா.

மேகலா அய்யாக்கண்ணு பக்கம் திரும்பினாள். "வெத்தில யாரு கையில குடுத்தீங்க?"

"இவன் கையிலதான். அய்யனாருக்கு முன்னாடி."

"எம்பேரச் சொல்லியா?"

"பேரு எதுக்கு? காலங்காலமா வாங்குற கைதான..." பாதியில் அவர் வாய் நின்றது.

"வாங்குன கைதான ஆடணும்? ஆடட்டும்." பாவாடையை எடுத்து வைரக்கண்ணுவின் முகத்தில் எறிந்தாள். "கட்டுடா."

"இவனக் கல்லால அடிப்பானுவடி!" என்றார் அய்யாக்கண்ணு.

"என்னைய அடிக்கலயா? வெத்தில உங்க சாமி முன்னாடி குடுத்தது. மீறப் போறீங்களா?"

அய்யாக்கண்ணு அவளை முறைத்தார். சன்னல் வழியே காறித் துப்பினார். "ரெண்டு பாட்டு. அதோட எறங்கிடணும் அவன்."

"அக்கா, நாடகத்துக்குக் கீபோர்டு?" என்றான் வைரக்கண்ணு.

"பரிமளா வெறுந்தொண்டையில பாடுவா. நீ இனிமே எனக்கு வாசிக்க வேணாம்."

அவனுடைய பேன்ட்டுக்கு மேலேயே பரிமளா பாவாடையைச் சுற்றி, நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டாள். மேகலா பின்கதவைத் திறந்து அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். கூட்டம் ஒரு நொடி அடங்கியது. பிறகு ஊளையிட்டது.

"அக்கா!"

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பூட்டையும் மாட்டினாள்.