ஓரிரு இடங்களில்

மாடித் தளம் போடும் நாளை ரோசா வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்தாள். புரட்டாசி பிறந்ததிலிருந்து புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு சொட்டு மழை இல்லை. பகல் முழுக்க மேற்கிலிருந்து அனல் காற்று அடித்தது. மாலையில் வரவேண்டிய கடல் காற்றையும் காணோம். 'இந்த வாரம் வறண்ட வானிலை நிலவும், வெப்பம் இயல்பைவிட அதிகமாக இருக்கும், மாலை வேளையில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்' என்று போனில் இருந்ததை மேஸ்திரி கொளஞ்சிக்கு வாசித்துக் காட்டினாள்.

"அந்த ஓரிரு எடம் செஞ்சி, திருவண்ணாமலப் பக்கமா இருக்கும் சிஸ்டர். இங்க வராது. வியாழக்கெழம போட்டுருவோம்," என்றார் அவர்.

ரோசா ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். தெருவில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். கணவன் ஜோசப் ஆனந்த் மஸ்கட்டில் வேலை. கிறிஸ்துமசுக்கு அவன் வருவதற்குள் மாடியை முடித்துவிட வேண்டும் என்று லீவு போட்டுவிட்டு நின்றாள்.

வியாழன் காலை கலவை மெஷின் தெருவை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. ஆட்கள் தவளக்குப்பத்துக்கு மேற்கே இருந்த கிராமங்களிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். சாரத்தில் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டிகளைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். உச்சியில் நின்று கடைசிச் சட்டியை வாங்கிக் கொட்டியவள் அஞ்சலாட்சி. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தும், விதைக்க மழை இல்லாததால் வேலைக்கு வந்தவள்.

"புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்னு சொல்லுவாங்க சிஸ்டர். காயுறது மட்டும்தான் நடக்குது," என்றாள், தண்ணீர் குடிக்க இறங்கியபோது.

உச்சிவெயிலில் மெஷினின் பெல்ட் அறுந்தது. புது பெல்ட் வாங்கி வந்து மாட்டுவதற்குள் பொழுது போய்விட்டது. மறுபடி மெஷின் ஓடத் தொடங்கியபோது காற்று சுத்தமாக நின்றிருந்தது. ரோசாவின் முதுகில் வியர்வை ஓடியது. மேற்கே, வீட்டுக் கூரைகளுக்குப் பின்னால், வானம் அடிபட்ட சதை மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது.

போனில் புதிதாக ஓர் எச்சரிக்கை வந்தது. அடுத்த சில மணி நேரத்தில் விழுப்புரம், கடலூர், புதுச்சேரியில் இடி மின்னலுடன் மழை. அவள் சாரத்தின் கீழ் நின்று கொளஞ்சியைக் கூப்பிட்டாள்.

"மேஸ்திரி, ஆளுங்கள எறக்கிடலாமா?"

"கால்வாசிதான் பாக்கி. நடுவுல நிறுத்துனா பழசும் புதுசும் ஒட்டாது. காலத்துக்கும் ஒழுகும்."

"மேல பூரா கம்பி நிக்குதே."

"இதெல்லாம் நாங்க பாக்காததா? நீங்க உள்ள போங்க சிஸ்டர்."

அவள் ஜோசப்புக்குப் போன் செய்தாள். அவன் அலுவலகக் கூட்டத்துக்கு நடுவே பேசினான். "அவருக்குத் தெரியும் ரோசா. மேஸ்திரி சொல்றதக் கேளு."

முதல் இடி தூரத்தில் உருண்டது. சட்டிகள் இன்னும் வேகமாக ஏறின. இரண்டாவது இடி பக்கத்தில் விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், ஆனால் மேஸ்திரி சொல்லாமல் யாரும் இறங்கவில்லை. போன வருடம் வயலில் மின்னல் தாக்கிய ஒருவரை ரோசாவின் வார்டுக்குத் தூக்கி வந்திருந்தார்கள். அவருடைய செருப்பு காலோடு உருகி ஒட்டியிருந்தது. அதை வெட்டி எடுத்தவள் அவள்தான்.

அவள் மெஷினிடம் போனாள். ஓட்டுகிறவர் தடுப்பதற்குள் டீசல் இன்ஜினின் லிவரை இழுத்தாள். இன்ஜின் இருமிவிட்டு நின்றது.

"எல்லாரும் கீழ வாங்க," என்றாள். "என் வீடு. நான் சொல்றேன்."

கொளஞ்சி மேலிருந்து அவளையே பார்த்தார். "நாளைக்கி ஒழுகினா என்னக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

அவர் கையைக் காட்டினார். ஆட்கள் மளமளவென்று இறங்கி வீட்டுக்குள் ஓடினார்கள். ஆனால் அவர் இறங்கவில்லை. போட்ட தளத்தை மூட தார்ப்பாயை விரித்தார். ஒரு முனையைப் பிடிக்க அஞ்சலாட்சி நின்றுவிட்டாள்.

"அக்கா, நீங்களும் வாங்க. விடுங்க அத," என்று ரோசா கத்தினாள்.

காற்று அப்போதுதான் வந்தது. தெருப் புழுதி மொத்தமும் எழுந்து கண்ணை மறைத்தது. தார்ப்பாய் உப்பி மேலே எழும்பியது. அதன் கயிறு அஞ்சலாட்சியின் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. அவள் ஈரக் கான்கிரீட்டில் சறுக்கி, கைப்பிடிச்சுவர் இல்லாத விளிம்பை நோக்கி இழுபட்டாள். ரோசா சாரத்தில் பாதி ஏறியிருந்தாள். கொளஞ்சி தார்ப்பாயை விட்டுவிட்டுப் பாய்ந்து அஞ்சலாட்சியின் இடுப்பைக் கட்டிப் பிடித்ததையும், இருவரும் கம்பிகளுக்கிடையே விழுந்ததையும் பார்த்தாள்.

"கத்தி இருக்கா சிஸ்டர்? கயித்த அறுக்கணும்!" என்று கொளஞ்சி கத்தினார்.

அவளிடம் கத்தி இல்லை. ஏறிப் போய் பல்லாலும் நகத்தாலும் முடிச்சைப் பிரித்தாள். கயிறு விடுபட்டதும் தார்ப்பாய் பக்கத்துத் தென்னைமரத்தில் போய்ச் சிக்கியது. வானம் வெள்ளையாக வெடித்தது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தீப்பொறி கொட்டியது. மூவரும் எப்படி இறங்கினார்கள் என்று பிறகு யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

வெளியே மழை கல்லெறிவது போல அடித்தது. உள்ளே இருட்டுக் கூடத்தில் சிமெண்டுக் கால்களோடு எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ரோசா போன் வெளிச்சத்தில் அஞ்சலாட்சியின் கையைப் பார்த்தாள். வீங்கியிருந்தது. இரண்டு மர அளவுகோல்களை வைத்துத் துணியால் கட்டினாள்.

"ஏன்க்கா நின்னீங்க?"

"காலைலேர்ந்து தூக்கிப் போட்டது சிஸ்டர். கரைஞ்சி போவுதேன்னு பாத்தேன்."

கொளஞ்சி வாசலைப் பார்த்தபடி இருந்தார்.

மழை விட்டதும் அஞ்சலாட்சியை ஸ்கூட்டரில் வைத்து, முழங்கால் தண்ணீரில் தன் மருத்துவமனைக்கே ரோசா கூட்டிப் போனாள். எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். திரும்பி வந்தபோது ஆட்கள் போயிருந்தார்கள். கொளஞ்சி மட்டும் மேலே, தளம் நின்றுபோன ஓரத்தை, புதுக் கலவை ஒட்டுவதற்காகச் சாய்வாகக் கொத்திவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் சிமெண்ட் கரைந்து ஜல்லி பல்லிளித்தது.

"மத்தது தப்பிச்சுது," என்றார். மறுநாள் விடிந்ததும் ஆட்களோடு வந்து மீதியைப் போட்டு முடித்தார்.

வானம் மறுபடி வெளுத்து, வெயில் பழையபடி காய்ந்தது. ரோசா மாடிக்கு ஏறி வீடியோவில் ஜோசப்புக்குத் தளத்தைக் காட்டினாள்.

"குறுக்கால என்ன கோடு போவுது?"

"அதுவரைக்கும் போட்டோம். அப்புறம் எல்லாரையும் எறக்கிட்டேன்."

"ஒழுகுமா?"

"ஒழுகலாம்," என்றாள். "வைக்கிறேன். தளம் வெடிக்காம இருக்கத் தண்ணி விடணும்."

போனை இடுப்பில் செருகிவிட்டு, குழாயைத் திறந்து, சூடேறிக் கிடந்த தளத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சத் தொடங்கினாள்.