தெரியாமல் தின்ற முதல் தவளை

என் மனைவி மேரிபெத் இறந்தபின் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சாப்பாடு கொண்டுவந்தார்கள். மாமியார் வெர்லீன் மட்டும் தூக்கம் கொண்டுவந்தாள். தவளை வடிவ ஜெல்லி மிட்டாய்கள். கஞ்சாவின் சாதுவான தம்பி ஹெம்ப் செடியிலிருந்து எடுத்தவையாம்.

“சட்டப்படிதான் விக்கிறாங்க மாப்பிள்ள. நம்ம பெட்ரோல் பங்க்ல, டயருக்குக் காத்துப் பிடிக்கிற எடத்துக்குப் பக்கத்துல.”

“பட்டாளத்துக்காரன் தொடக்கூடாது அத்தை.”

“பட்டாளத்துக்காரன் தூங்கவும் கூடாதாக்கும்?”

கண்ணாடிக் கிண்ணத்தில் கொட்டிவைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். நான் தொடவில்லை. எறியவும் இல்லை. அந்த நாட்களில் நான் எதையும் எறியவில்லை.

பட்டாளத்தில் எங்கள் கம்பெனியில் போதைப்பொருளுக்கான சிறுநீர்ச் சோதனையின்போது பக்கத்தில் நின்று பார்ப்பவன் நான். உடலைவிட்டு இறங்குவது குப்பியில் விழுவதைக் கண்ணால் காண வேண்டும். கல்லூரியில் தத்துவம் படித்தேன். இந்த மிட்டாய்களைப் பற்றி வகுப்பெடுப்பதும் நான்தான். கடையில் விற்றாலும், போதை இல்லை என்று உறையில் அச்சடித்திருந்தாலும், சீருடை போட்டவன் தின்றால் குற்றம். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுபவர் ஃபர்ஸ்ட் சார்ஜென்ட் டாக்கெட்.

சனிக்கிழமை அவர் துக்கம் விசாரிக்க வந்தார். அது அவருக்கு வராத கலை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கிண்ணத்தில் வைத்தார். நான் காபியோடு வந்தபோது ஒரு தவளை வாய்க்குள் போயிருந்தது.

“சார்ஜென்ட், அது ஹெம்ப்.”

மென்றுகொண்டே யோசித்தார். விழுங்கினார்.

“அப்ப என் வேல போச்சா?”

“போச்சு.”

“முழுசாவா?”

“முழுசா.”

“போனது போச்சு. ருசியாத்தான்டா இருக்கு.” இன்னும் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பிறகு எனக்கு ஆறுதல் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மேசை விளக்குக்கும் சொன்னார். “சின்ன வயசுல உனக்கா இப்பிடி ஆகணும்” என்று அதன் தலையைத் தடவினார். நான்தான் காரில் கொண்டுபோய் வீட்டில் விட்டேன்.

திங்கட்கிழமை காலை, கம்பெனி முழுவதற்கும் சோதனை என்று கேப்டன் அறிவித்தார். டாக்கெட் அந்தக் கோடையில் ஓய்வுபெற வேண்டியவர். மாட்டினால் ஓய்வூதியம் போய்விடும்.

மற்றவர்கள் குப்பியை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டாக்கெட்டுக்கு வரவில்லை. வராதவர் தண்ணீர் குடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வரும்வரை அவர் போக முடியாது. நானும் போக முடியாது. மதியம் தாண்டியது.

“இன்னொரு டம்ளர்?”

“போடா. காதுவரைக்கும் தண்ணி நிக்குது.”

“நீங்க அடக்குறீங்க.”

“இத்தன வருஷத்துல பட்டாளம் கத்துக்கொடுத்த ஒரே வித்தை.”

கேப்டன் கதவு வழியே எட்டிப் பார்த்தார். “என்ன டாக்கெட், வலி எடுத்துருச்சா?”

“தலைப்பிரசவம் சார். மெதுவாத்தான் வரும்.”

கேப்டன் போனதும் டாக்கெட் குரலைத் தாழ்த்தினார். “தெரியாமத் தின்னா விடுவாங்கல்ல? வகுப்புல நீதான சொன்ன.”

“தெரியாமத் தின்னது மொதல் தவளை.”

“மத்த ரெண்டையும் யாரு பாத்தா?”

“நான்.”

“நீ என்னத்தப் பாத்த? பொண்டாட்டியப் பொதச்சு ஒரு வாரம் ஆகல. உன் கண்ணு எங்க இருந்துச்சோ.”

“உங்க வாயில இருந்துச்சு சார்ஜென்ட்.”

சிரித்தார். சிரித்தது தப்பு. தொடைகளை இறுக்கிக்கொண்டு பாதியில் நிறுத்தினார்.

“மிட்டாய் என் வீட்டுல இருந்ததச் சொல்வேன்” என்றேன். “மொதல் ஒண்ணு நீங்க தெரியாம எடுத்ததச் சொல்வேன். கேட்டா, மத்த ரெண்டையும் சொல்வேன்.”

“கேக்காமயா விடுவாங்க?”

“கேப்பாங்க.”

“வீட்டுல வெச்சிருந்ததுக்கு உன்னையும் இழுப்பாங்கடா.”

“ஆமா.”

“ஒரு பொய் சொல்லக்கூட உடம்புல தெம்பு இல்லையா உனக்கு?”

“இல்ல.”

என்னை வெகுநேரம் பார்த்தார். அந்த வாரத்தில் யாரும் என்னை அப்படிப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து குப்பியின் மூடியைத் திறந்தார்.

“பாரு. நல்லாப் பாரு.”

பார்த்தேன். குப்பி நிரம்பிய பிறகும் நிற்கவில்லை. பாதியில் அவர் அழத் தொடங்கினார். அதுவும் நிற்கவில்லை.

மூடியை இறுக்கி, கை கழுவி, சட்டையைச் சரிசெய்துகொண்டார். “கேப்டன்கிட்ட மூணையும் நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. நீ உண்மை சொல்ற லட்சணத்துக்கு அந்த வெளக்கையும் சேத்து உள்ள போட்ருவாங்க.”

கேப்டனின் அறைக்கு நடந்தார். வர வேண்டாம் என்றுதான் சொன்னார். நானும் கூடவே போனேன்.