ஒரே கண், இரண்டு படம்

1.

இந்தக் கதை எனக்குக் காது வழியாகத்தான் கிடைத்தது. கண் பரிசோதனைக்குப் போனபோது, கண்மணியை விரியவைக்கும் சொட்டு மருந்தை விட்டு ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டார்கள். கையிலிருந்த பத்திரிகை, பக்கத்து முகம் எல்லாமே கலங்கல். அடுத்த அறையின் திரைக்குப் பின்னால் பேசியது மட்டும் துல்லியமாகக் கேட்டது. மீதியை நான் சேர்த்தேன். எது கேட்டது, எது சேர்த்தது என்று குடையாதீர்கள், எனக்கே இப்போது குழம்பிவிட்டது.

2.

முதல் தொடக்கம்: அந்தச் சிறுமியின் கண்களில் ஒரு கடல்

(வேண்டாம். கண் என்றதும் கடலைக் கூட்டிவருகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.)

இரண்டாவது: நாலு வயதுக்காரி அவள். சொட்டு மருந்துப் பாட்டிலைக் கண்டாலே ஊரைக் கூட்டிவிடுவாள். அதனால், மருந்தே இல்லாமல் போனில் விழித்திரையைப் படமெடுக்கும் அறைக்கு அம்மா அவளைத் தூக்கிவந்தாள். படமெடுக்கும் பெண் போனில் ஒரு லென்ஸை மாட்டி, அறை விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். இருட்டில் கண்மணி தானாக விரியும். வெளிச்சம் பட்டதும் சுருங்கிவிடும், அதற்குள் எடுத்தாக வேண்டும். தவறினால் மறுபடி இருட்டு, மறுபடி காத்திருப்பு.

இது தேவலாம். இப்படியே போகிறேன்.

3.

"தங்கம், லென்ஸுக்குள்ள ஒரு பச்சைப் புள்ளி தெரியுதா? அதையே பாரு."

"தெரியுது அக்கா."

ஒரு படம். மறுபடி இருட்டு. அடுத்த கண்.

"இப்பவும் தெரியுதா?"

கொஞ்சம் தாமதித்து, "தெரியுது."

இன்னொரு படம். விளக்கு வந்தது. அம்மா பெருமூச்சு விட்டாள். "அழாம எடுத்துட்டீங்களே. வீட்டுல இவ நேரா நடக்கவே மாட்டா. எதிர்ல இருக்கற கதவுலயே போய் இடிச்சுப்பா. திட்டித் திட்டி என் வாய்தான் வலிக்குது."

படமெடுத்தவள் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.*

"ரெண்டுமே வலது கண்ணு," என்றாள் கடைசியில். "இருட்டுல நான் போனையே பாத்துட்டு இருந்துட்டேன், எந்தக் கண்ணுன்னு கவனிக்கல. தப்பு என்னுதுதான்."

(* நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடம் படத்தில் வெளிறிய வட்டமாகத் தெரியும். அது மூக்குப் பக்கமாக இருக்கும். எனவே இரண்டு கண்களின் படங்களில் வட்டம் எதிரெதிர்ப் பக்கம் விழ வேண்டும். ஒரே பக்கம் விழுந்தால், எடுத்தது ஒரே கண்ணை.)

4.

இந்த இடத்தில் அம்மாவை ஒரு சண்டை போடவைத்தேன். 'என்ன லட்சணத்துல வேலை பாக்கறீங்க' என்று தொடங்கி

எழுதியதை அடித்துவிட்டேன். சண்டை நடக்கவில்லை. பேசியது குழந்தைதான்.

"அந்தக் கண்ணுல புள்ளி வரல. அக்கா பாக்கச் சொன்னாங்கல்ல? அதான் திரும்பி இதால பாத்தேன்."

நாற்காலி இழுபட்டது, அம்மா கிட்டே வந்தாள்.

"எப்பலேர்ந்துடி அதுல தெரியல?"

"எப்பவுமே."

"ஏன்டி அம்மாகிட்ட சொல்லல?"

"எல்லாருக்கும் ஒரு கண்ணுலதானேம்மா தெரியும்?"

 

5.

முடிவு ஒன்று: கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைக் கொஞ்ச நாள் மூடிவைத்தால் சரியாகிவிடும். (இதுதான் எனக்கு வேண்டும். வேண்டும் என்பதாலேயே நம்பப் பயமாக இருக்கிறது.)

முடிவு இரண்டு: இடது கண்ணின் படத்தில் வெள்ளையாக ஒரு கட்டி, அது

இல்லை. எழுதக் கை வரவில்லை.

எனக்குக் கேட்டதை மட்டும் சொல்கிறேன். அம்மா குழந்தையை மடியில் உட்காரவைத்து, வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். "அழுத்தாதீங்க, லேசா வச்சா போதும்," என்றாள் படமெடுப்பவள். "புள்ளி தெரியலேன்னாலும் பரவாயில்ல தங்கம். நேரா மட்டும் பாரு."

விளக்கு அணைந்தது. கண்மணி விரியட்டும் என்று காத்திருந்தார்கள்.

"இனிமே கதவுல இடிச்சா அம்மா திட்ட மாட்டேன்டி."

"நெசமாவா?"

அதற்குள் என் முறை வந்துவிட்டது, எழுந்து போனேன். இன்னும் எடுக்காத அந்த இடது கண் படம் இனி உங்கள் கையில். அவசரப்பட்டு விளக்கைப் போட்டுவிடாதீர்கள். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.