ராசாத்தாள் வாங்கிய கலர் பெட்டிகள்

காரமடையில் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் ராசாத்தாளின் மாவு மில். அது புருஷன் செங்கோடன் நடத்திய மில். அவர் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய தம்பி அரங்கசாமி, மில்லை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார். ராசாத்தாள் "செரிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் போய் மோட்டாரைப் போட்டாள். அரங்கசாமி அதைப் பற்றி அப்புறம் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் எதிர்த்துப் பேசும் வழக்கம் இல்லை. எல்லோரும் "செரிங்க" என்பார்கள். பிறகு அவரவர் நினைத்ததை அவரவர் செய்வார்கள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. வெள்ளைச் சேலைதான் கட்டினாள். மாவு மில்லில் அது ஒரு வசதி. மிளகாய் அரைக்கிற நாளில் மட்டும்தான் சேலையைத் துவைக்கச் சிரமம்.

தொண்ணூற்றாறாம் வருஷம் மகள் லோகப்பிரியா கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பொங்கல் லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஒரு பெட்டியை மறந்து விட்டுப் போனாள். கையகலத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. மூடியின் உள்பக்கம் கண்ணாடி. கீழே சின்னச் சின்னச் சதுரங்களில் கலர் பொடிகளை அழுத்தி வைத்திருந்தார்கள். இரண்டு முனையிலும் பஞ்சு வைத்த ஒரு குச்சியும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் மில்லுக்குப் போன் செய்தபோது ராசாத்தாள் கேட்டாள்.

"அந்த டப்பாவுல என்ன கண்ணு இருக்குது?"

"ஐ ஷேடோம்மா. கண்ணுக்குப் போடறது."

"மையா?"

"மை இல்லம்மா. கண்ணுக்கு மேல, இமைல போடறது. அது அங்கயே கெடக்கட்டும். நான் வேற வாங்கிட்டேன்."

அந்த வருஷம் மத்தியானத்தில் திரீ பேஸ் கரண்ட் வராது. ஒன்றிலிருந்து மூன்று வரை மில் ஓடாது. ராசாத்தாள் மில்லுக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பாள். அன்றைக்குப் படுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, நீலச் சதுரத்தில் குச்சியைத் தேய்த்து வலது இமையில் வைத்தாள். நாலு வருஷமாக முகத்தில் மாவு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே கண்ணாடி முன்னால் நின்றவள். அந்தச் சின்னக் கண்ணாடியில் முழு முகமும் தெரியவில்லை. ஒரு கண் மட்டும் தெரிந்தது. நன்றாக இருந்தது. இடது கண்ணுக்கும் வைத்தாள்.

செங்கோடன் போனபோது பொட்டு வேண்டாம், பூ வேண்டாம், மஞ்சள் வேண்டாம் என்று பெரியவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லி எடுத்தார்கள். இமைக்கு நீலம் வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ராசாத்தாள் இதை நன்றாக யோசித்துப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மில்லுக்குப் போனாள்.

மகளின் பெட்டியைக் காலி செய்வது சரியில்லை என்று பட்டது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நஃபீசா என்ற பெண் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தாள். வளையல், ரிப்பன், பவுடரோடு மேக்கப் பெட்டிகளும் தொங்கின. எல்லாம் மலிவுச் சரக்கு. அட்டையில் ஒரு வெள்ளைக்காரி கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்.

"புள்ளைக்குங்களாக்கா?" என்று நஃபீசா கேட்டாள்.

"ஆமாங்க."

இரண்டாவது தடவை போனபோதும் அதையே கேட்டாள், அதே பதிலைக் கேட்டுக்கொண்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. "உங்க நெறத்துக்கு இந்த ரோஸு எடுக்காதுக்கா" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் அவர்களுக்குள் பேச்சு சுலபமாகிவிட்டது.

மலிவான பெட்டிகளில் ஒரு விஷயத்தை ராசாத்தாள் சீக்கிரம் கண்டுகொண்டாள். எந்தப் பெட்டியிலும் எல்லாக் கலரும் நன்றாக இருக்காது. பன்னிரண்டு இருந்தால் இரண்டு தேறும். வண்ணத்துப்பூச்சி வடிவப் பெட்டியில் ஊதா மட்டும் உசத்தி. மற்றதெல்லாம் சாக்பீஸ். படிக்கட்டு மாதிரி மூன்று தட்டாக விரிகிற பெட்டியில் பழுப்பும் செம்பும் தேறின. அதிலிருந்த பச்சை, வைத்த அரை மணியில் கன்னத்துக்கு இறங்கிவிடும். ரோஸ் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாலும், மிளகாய் அரைத்த கையால் கண்ணைக் கசக்கினது மாதிரி இருந்தது. பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, நைசாக இருந்தால் வாங்குவாள். நறநறத்தால், "இன்னொரு ஓட்டு ஓட்டோணும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

மாசி மாதம் ரங்கநாதர் கோயில் தேருக்குப் போட்ட கடைகளில் மேலும் இரண்டு வாங்கினாள். வைக்க இடம் இல்லாமல், மில்லின் ஸ்பேனர் பெட்டியைக் காலி செய்து அதில் அடுக்கினாள். ஸ்பேனர்கள் சாக்குப் பைக்குப் போயின.

சித்திரையில் ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அரங்கசாமி. இந்த வெயிலில் வந்திருக்கிறாரே என்ற அவசரத்தில் ராசாத்தாள் போய்த் திறந்தாள்.

"வாங்க தம்பி. உக்காருங்க."

அரங்கசாமி அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். கடைசி வரை அதையே பார்த்து அண்ணியிடம் பேசினார்.

"லோகாவுக்கு வெள்ளகோவில்ல இருந்து ஒரு எடம் வந்துருக்குதுங்க நங்கையா. பையன் பேரு கிருபாசங்கர். சொந்தமா எண்ணெய் மில்லு வெச்சுருக்கறாங்க."

"செரிங்க தம்பி. புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க."

மோர் குடித்தார். மழை இல்லை என்றார். தென்னைக்குத் தண்ணீர் பற்றவில்லை என்றார். வாசற்படியில் செருப்பை மாட்டும்போது, "ஒடம்பைப் பாத்துக்கோங்க" என்றார்.

அவர் போன பிறகு ராசாத்தாள் வியர்வையைத் துடைத்தாள். விரலெல்லாம் நீலமாக இருந்தது.

மறுநாள் அரங்கசாமியின் மனைவி ராமாமணி, வாழையிலையில் நந்தியாவட்டைப் பூவைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"கண்ணுல வெச்சுக்கட்டுங்க்கா, குளுமை. நீலம் பாய்ஞ்சு கெடக்குதுன்னு அவரு சொன்னாருங்க."

"இப்பத் தேவலைங்க அம்மணி."

"ஆமாங்க, தேவலையாட்டத்தான் தெரியுது" என்று ராமாமணி கண்ணைப் பார்க்காமலே சொன்னாள்.

அந்த வாரம் உறவுக்காரர்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். ஒருத்தர் இளநீர்க் குலையை இறக்கினார். ஒருத்தி குலதெய்வத்துக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டதைச் சொல்லிவிட்டுப் போனாள். அது சீக்கு இல்லை என்று முதல் ஆளிடமே சொல்லியிருக்கலாம். அவர் வெயிலில் வந்திருந்தார், பாவமாக இருந்தது. அவரிடம் சொல்லாததால் இரண்டாவது ஆளிடம் சொல்ல முடியவில்லை. வேண்டுதல் வைத்தவளிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. அரங்கசாமி கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்தார். ராசாத்தாள் "செரிங்க தம்பி" என்றாள்.

துணைக்கு ராமாமணி போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். விளக்கை அடித்து, இமையைத் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு நல்லாயிருக்கும்மா. இமையோரத்துல மட்டும் மினுமினுன்னு என்னமோ ஒட்டியிருக்கு. ஐ ஷேடோ போடுவீங்களா?"

ராமாமணி பக்கத்தில்தான் நின்றாள். ராசாத்தாளுக்குக் காது சூடானது.

"ஆமாங்க" என்றாள்.

"போடுறதுல தப்பில்லை. மினுக்கு வெச்சது மட்டும் வேண்டாம். தினமும் சுத்தமாக் கழுவிடுங்க." படிக்க ஒரு கண்ணாடி வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பெரியநாயக்கன்பாளையத்தில் பாதி பஸ் இறங்கியது. ராமாமணி ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு மொதல்லயே தெரியுமுங்க்கா. நீலமா இருக்குதுன்னு அவரு வந்து சொன்னாரு. சீக்கா இருக்கும்னு நாந்தான் சொல்லிப்போட்டேன். வேற என்னத்தைச் சொல்றது?"

ராசாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா போடலாம்னுதானுங்களே சொன்னாங்க?" என்றாள் ராமாமணி.

"தப்பில்லைன்னாங்க."

"அதேதானுங்க."

வீட்டில் அரங்கசாமியும் இன்னும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். ராமாமணி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "பயப்பட ஒண்ணுமில்லீங்க. இமைக்குப் போடச் சொல்லியிருக்காங்க. மினுக்கு மட்டும் ஆகாதாம். தெனமும் கழுவோணுமாம்."

"எத்தனை நாளைக்கு?" என்று அரங்கசாமி கேட்டார்.

"அது சொல்லலீங்க."

மறுநாளிலிருந்து ராசாத்தாள் நீல இமையோடு மில்லில் உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கம்பு அரைக்க வந்த ஒருத்தி, "மருந்து பாக்கறதுக்கு அம்சமா இருக்குதுங்க" என்றாள். கொஞ்ச நாள் ராசாத்தாளுக்கு அது பிடித்திருந்தது. போகப் போக ஒரு சங்கடம் வந்தது. வருகிறவர்களெல்லாம் குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்படிங்க இருக்குது?" என்றார்கள். தேவலை என்றால் மருந்தை நிறுத்த வேண்டும். தேவலை இல்லை என்றால் இன்னும் இளநீர் வரும். நல்ல கண்ணை வைத்துக்கொண்டு சீக்காளியாகக் காலம் தள்ளுவது அவளுக்கு உறுத்தியது. அதைவிட, அந்த நீலம் நன்றாக இருப்பதால் வைத்தது. அதை மருந்து என்று கேட்கும்போதெல்லாம் கோபம் வந்தது.

இதற்குள் லோகப்பிரியா மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டுச் சரி என்றாள். ஆவணியில் உப்புச் சக்கரை மாற்றி நிச்சயம் செய்ய நாள் குறித்தார்கள். அன்றைக்குக் காலையில் மகள் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"ஏம்மா, இவ்வளவும் உன்னுதா?"

"ஆமா சாமி."

லோகப்பிரியா கொஞ்ச நேரம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அம்மாவை உட்காரவைத்து, அவள் வைத்திருந்த பச்சையின் ஓரத்தைச் சுண்டுவிரலால் மெதுவாகத் தேய்த்துவிட்டாள். "கோடு தெரியக் கூடாதும்மா. இப்படிக் கலைச்சு உடோணும்." அப்புறம் செம்புக் கலர் எந்தப் பெட்டியில் நல்லது என்று அம்மாவிடம் கேட்டு, அதைத் தன் கண்ணுக்கு வைத்துக்கொண்டாள்.

சபையில் அரங்கசாமியும் ராமாமணியும் நின்று உப்புச் சக்கரை மாற்றினார்கள். ராசாத்தாள் வழக்கப்படி சமையலறையில் இருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்க்க உள்ளே வந்தார். பருமனான, நிதானமான அம்மாள்.

"கண்ணு சீக்குன்னு சொன்னாங்க. இப்பத் தேவலைங்களா?"

காப்பித் தட்டோடு அரங்கசாமி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ராமாமணி அடுப்புப் பக்கம் இருந்தாள். ராசாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"சீக்கெல்லாம் இல்லீங்க. ஒரு நாளும் இருந்ததில்லீங்க. இது ஐ ஷேடோ. எனக்குப் புடிச்சு வெக்கறனுங்க. சம்பந்தம் பண்ற எடத்துல பொய் இருக்கப்படாதுங்களே, அதனால சொல்றேன்."

அடுப்பில் பால் பொங்கியது. ராமாமணி இறக்கி வைத்தாள்.

"செரிங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அந்தச் 'செரிங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் காப்பியை வாங்கி, ஆற்றி, குடித்து முடித்தார். டம்ளரை வைக்கும்போது கேட்டார்.

"தெனமும் பச்சைதானுங்களா?"

"இல்லீங்க. எல்லாக் கலரும் இருக்குதுங்க."

"செரிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நிச்சயம் நடந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

அரங்கசாமி அதற்குப் பிறகு மில் பக்கம் வரவில்லை. கல்யாண வேலையெல்லாம் ராமாமணி மூலமாகவே நடந்தது. கோபமா என்று ராசாத்தாள் கேட்டால், "கோவமெல்லாம் இல்லீங்க்கா. என்ன மூஞ்சி வெச்சுட்டு வாரதுன்னு தெரியல" என்பாள் ராமாமணி. ராசாத்தாள் கவலைப்பட்டாள். ஆனால் முகத்தைக் கழுவிவிட்டு உட்காரவில்லை. வேண்டுதல் வைத்த உறவுக்காரி மட்டும், கண் குணமானதற்காகக் குலதெய்வத்துக்குக் கண்மலர் சாத்திவிட்டு வந்து விபூதி கொடுத்தாள்.

ஐப்பசியில், முகூர்த்தத்துக்கு முந்தின வாரம், பலகாரத்துக்கு அரிசி அரைக்க அரங்கசாமியே சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். மோட்டார் ஓடி முடிகிற வரை பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராசாத்தாள் மாவைக் கட்டிக் கொடுத்தாள். அவர் சாக்கைச் சைக்கிளில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏனுங்க நங்கையா."

"சொல்லுங்க தம்பி."

அரங்கசாமி தொண்டையைச் செருமினார். இந்தத் தடவை நேராக அவள் முகத்தைப் பார்த்தார்.

"மண்டபத்துக்குப் பச்சை வேண்டாமுங்க. அது உங்களுக்கு எடுக்கறதில்லீங்க."

"செரிங்க தம்பி" என்றாள் ராசாத்தாள்.

அவரை அனுப்பிவிட்டு மில்லைப் பூட்டினாள். மத்தியான பஸ்ஸில் மேட்டுப்பாளையம் போய் இறங்கி, பழுப்பில் புதுச் சரக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்று நஃபீசாவிடம் கேட்டாள்.